பீட்டர்ஷாமில் ஒரு பொன்னுருக்கு

சிறிதரனுக்கு இங்கிலீஷ் மேல் இருந்த நம்பிக்கை சில பேருக்கு நல்லூர்க் கந்தன் மேல்தான் இருக்கும். கொழும்பில் விமானம் ஏறிய நாள் முதல் அது தன்னைக் கைவிட்டதே இல்லை என்று வருகிறவர் போகிறவருக்கெல்லாம் சொல்லுவார். பாங்கொக்கில் பொலிஸ்காரனிடமிருந்து தப்பியது இங்கிலீஷால். பிராங்பேர்ட்டில் தொலைந்த சூட்கேஸ் திரும்பிக் கிடைத்தது இங்கிலீஷால். சிட்னியில் வேலை கிடைத்ததும் அதனால்தான். என்ன வேலை தெரியுமோ? ஒரு காப்புறுதிக் கம்பனியில், காசு கேட்டு போன் எடுக்கிற சனத்துக்கு, "இல்லை" என்று நோகாமல் சொல்லுகிற வேலை. புயலில் கூரையைப் பறிகொடுத்தவன்கூட அவரோடு கதைத்து முடித்ததும் "தாங்க்யூ சேர்" என்று சொல்லித்தான் போனை வைப்பானாம். இதுவும் அவர் வாயால் வந்த கதைதான்.

அப்பேர்ப்பட்ட மனுசனைத்தான், 2012 ஆவணியில், மனைவியின் தமக்கை சிவனேஸ்வரி வசமாகப் பிடித்துக்கொண்டார்.

விசயம் சிறிதரனின் மகள் மயூராவின் கலியாணம். மாப்பிள்ளை நூனோ, போர்த்துக்கீசப் பொடியன், எலக்ட்ரீசியன். அந்தச் செய்தி ஸ்ட்ராத்ஃபீல்ட் வீட்டுக்கு வந்த நாளில் அடித்த புயலைப் பற்றி இங்கே விவரிக்கத் தேவையில்லை. அது அடித்து ஓய்ந்துவிட்டது. பொடியன் கையால் குழைத்துச் சோறு சாப்பிடப் பழகிவிட்டான், எல்லாச் சடங்கும் செய்யச் சம்மதம் என்றும் சொல்லிவிட்டான். எல்லாச் சடங்கும் என்றால் எத்தனை என்று அவனுக்கு அப்போது தெரியாது, பாவம்.

முதல் சடங்கு பொன்னுருக்கு. தாலிக்கு வேண்டிய பொற்காசை மாப்பிள்ளை வீட்டில் வைத்து, நகை செய்கிற பத்தர் வந்து, எல்லோர் முன்னாலும் உருக்க வேண்டும். உருக்கிய பொன்னைத் தட்டத்தில் வைத்துக் கொண்டுவர, வந்தவர்கள் தொட்டு வாழ்த்துவார்கள். பெண் அந்தப் பக்கம் தலை காட்டக் கூடாது. மாப்பிள்ளை வீட்டுக்காரருக்குப் பொன்னுருக்கு என்றால் என்னவென்றே தெரியாதபடியால், பெண் வீட்டுக்காரர் சாமான் சக்கட்டெல்லாம் கட்டிக்கொண்டு அவர்கள் இருக்கும் பீட்டர்ஷாமுக்குப் போய் நடத்திக் கொடுப்பதென்று ஏற்பாடு.

அந்தச் சாமான் சக்கட்டுக்குப் பொறுப்பு சிவனேஸ்வரி. குடும்பத்தில் எந்த நல்ல காரியம் என்றாலும் அவர் இல்லாமல் ஒரு தேங்காய் உடையாது. நிறைகுடம் எங்கே, குத்துவிளக்கு எந்தப் பக்கம், தட்டத்தில் என்ன என்ன, எல்லாம் அவர் வாயிலிருந்துதான் வரவேண்டும். ஆனால் காரியம் தொடங்குகிற நேரம் பார்த்தால் அவரைக் காணக் கிடைக்காது. கணவர் காலமான நாள் முதல், ஐயர் மணியைக் கையில் எடுத்ததும் சிவனேஸ்வரி குசினிக்குள் போய்விடுவார். ஒருவரும் அவரைப் போகச் சொன்னதில்லை. நில்லுங்கோ என்றும் ஒருவரும் சொன்னதில்லை.

"சிறி, மாப்பிள்ளையின்ர தாய் எப்பவும் கறுப்புத்தானே உடுக்கிறவ?" என்று தொடங்கினார் சிவனேஸ்வரி.

"ஓம் மச்சாள். மனுசன் செத்த நாளில இருந்து கறுப்புத்தானாம். அது அவையின்ர வழக்கம்."

"அப்ப பொன்னுருக்குக்கு அவ முன்னுக்கு நிக்க வேண்டாமெண்டு ஆர் சொல்லுறது?"

சிறிதரனின் மனைவி கல்யாணி தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார். "அக்கா, இந்தக் காலத்தில ஆரக்கா உதெல்லாம் பாக்கினம்?"

"நான் பின்னுக்கு நிக்கேல்லையோ? எனக்கென்ன குறைஞ்சு போச்சு?"

கல்யாணி கோப்பையைத் திரும்பக் கையில் எடுத்துக்கொண்டார். சிவனேஸ்வரியின் குரல் கொஞ்சம் இறங்கியது. "நான் ஆரையும் நோகடிக்கச் சொல்லேல்லை. நாளைக்கு அதுகளுக்கு ஏதும் ஒண்டு நடந்துதெண்டால் என்ர மனம் கிடந்து அடிக்கும். அவ முன்னுக்கு நிக்கிறதெண்டால் நான் வரேல்லை. சாமானை நீங்களே கொண்டு போய்ச் செய்யுங்கோ."

சிவனேஸ்வரி இல்லாத பொன்னுருக்கு என்றால் குடும்பம் இரண்டாக உடைந்தது என்று அர்த்தம். மயூராவிடம் சொல்லி அனுப்பலாமா? அவள் காதில் இது விழுந்தால், சடங்கும் வேண்டாம் சனமும் வேண்டாம் என்று அடுத்த நாளே போய்ப் பதிவுத் திருமணம் செய்துவிடுவாள். நூனோவிடம்? பெற்ற தாயைப் பின்னால் நில் என்று மகனிடமே சொல்லி விடுகிற அளவுக்குச் சிறிதரன் துணிந்த ஆள் இல்லை.

"நீங்கள் நேர போய்ச் சொல்லுங்கோ," என்றார் சிவனேஸ்வரி. "உங்கட இங்கிலீஷ் இருக்கே."

இருக்கிறதுதான். ஆனால் சம்பந்தியம்மா லூர்தெஸுக்கு அது இல்லை. பீட்டர்ஷாமுக்கு வந்து முப்பது வருசமாகியும் அவருக்கு இங்கிலீஷ் தேவைப்படவில்லை. பாண் கடை, இறைச்சிக் கடை, தேவாலயம், தலைமுடி வெட்டுகிற இடம் எல்லாம் போர்த்துக்கீஸ் மொழியிலேயே ஓடுகின்றன. இதைக் கேட்டுச் சிவனேஸ்வரி மூக்கில் விரலை வைத்தார். மீன் கடையில் இருந்து டாக்டர் வரைக்கும், தமிழ்ச் சனம் நிறைந்த பெண்டில் ஹில்லில், தமிழிலேயே காரியம் முடிக்கிற பெண்மணி அவர் என்பதை அந்த நேரம் எடுத்துச் சொல்ல ஒருவருக்கும் தைரியம் வரவில்லை.

சனிக்கிழமை காலை, பீட்டர்ஷாமுக்குப் புறப்பட்ட சிறிதரன் ஸ்ட்ராத்ஃபீல்ட் ஸ்டேஷனில் பழைய சிநேகிதர் மகாதேவனைக் கண்டார். விசயத்தின் பாதியைச் சொன்னார்.

"அட, உனக்கென்ன பயம்?" என்றார் மகாதேவன். "பாதிப் போர்த்துக்கீஸ் எங்கட வாயிலதானே கிடக்கு. கதிரை, மேசை, குசினி, அலுமாரி, சப்பாத்து, துவாய், பாண், எல்லாம் எங்கட ஊரை ஆண்ட போர்த்துக்கீசன் தந்திட்டுப் போனது. இங்கிலீஷால பிடி. பிடிபடாட்டி உந்தச் சொல்லுகளை எடுத்து விடு."

சிறிதரனுக்கு நெஞ்சு நிமிர்ந்தது. ஏதோ கடல் கடந்து போகிறவரைப்போல ரயிலில் ஏறி உட்கார்ந்தார்.

பீட்டர்ஷாமில் இறங்கியதும் வாட்டிய கோழி மணமும் சேவல் படம் போட்ட பீங்கான்களும் வேற்று நாடுதான் என்று சொல்லின. வெறுங்கையோடு போகக் கூடாதே என்று ஒரு பேக்கரிக்குள் நுழைந்து, கவுன்டரில் நின்ற பெண்ணிடம், ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி, "டூ... யூ... ஸ்பீக்... இங்கிலீஷ்?" என்று கேட்டார். அந்தப் பெண் சிட்னியில் பிறந்து வளர்ந்தவள். அவரைப் பார்த்து இரக்கப்பட்டு, அவரைவிட நிறுத்தி, "யெஸ்... டூ... யூ?" என்று கேட்டாள். சிறிதரன் ஒரு பெட்டி முட்டைக் கேக்கை வாங்கிக்கொண்டு வாயைத் திறக்காமல் வெளியே வந்தார்.

லூர்தெஸ் கதவைத் திறந்தார். கறுப்புப் பாவாடை, கறுப்புக் கம்பளிச் சட்டை, காலில் கறுப்புச் செருப்பு. சிறிதரனைக் கண்டதும் முகமெல்லாம் பல்லாகி, இரண்டு கன்னத்திலும் மாறி மாறி முத்தம் கொடுத்தார். மனுசனுக்கு அங்கேயே பாதி இங்கிலீஷ் மறந்து போனது.

"மேடம், வெரி இம்போர்ட்டன்ட் மேட்டர்," என்றார்.

லூர்தெஸ் போர்த்துக்கீஸில் ஒரு பெரிய பதில் சொன்னார். அதில் ஒரு இழவும் விளங்கவில்லை. சரி, மகாதேவன் சொன்ன மருந்தைப் பாவிப்போம் என்று, "கதிரை," என்றார். லூர்தெஸின் கண் விரிந்தது. ஒரு கதிரை வந்தது. "குசினி," என்றார். கையைப் பிடித்துக் குசினிக்குள் கூட்டிக்கொண்டு போனார். "மேசை," என்றார். மேசையில் விரிப்பு விழுந்தது. "பாண்," என்று சொல்லி வாய் மூடவில்லை, பாண் வந்தது, வெண்ணெய் வந்தது, ஒலிவ் காய் வந்தது. சிறிதரன் வாங்கி வந்த முட்டைக் கேக்கும், லூர்தெஸ் தானே சுட்டு வைத்திருந்த அதே முட்டைக் கேக்கும் பக்கத்தில் பக்கத்தில் வந்து உட்கார்ந்தன. அட கடவுளே, இது சுகமாக அல்லவோ போகிறது என்று அவர் நினைத்த நேரம் சொற்கள் தீர்ந்துவிட்டன. நானூறு ஐநூறு வருசத்துக்கு முன்னம் வந்தவன் வீட்டுத் தளபாடத்தையும் தின்பண்டத்தையும் தந்தானே ஒழிய, ஒரு கைம்பெண்ணைப் பார்த்துப் பின்னால் நில்லம்மா என்று சொல்ல ஒரு சொல்லும் தந்துவிட்டுப் போகவில்லை.

மறுபடி இங்கிலீஷ். கம்பனி முறைப்படி முதலில் அனுதாபம். "ஐ ஆம் வெரி சொறி ஃபோர் யுவர் லொஸ்," என்று நெஞ்சில் கை வைத்தார். சொறி என்றது லூர்தெஸுக்கு விளங்கிவிட்டது. உள்ளே போய்க் கணவரின் படத்தை எடுத்து வந்தார். கொங்கிரீட் வேலைக்காரர், பெரிய மீசை, கையில் ஒரு மீன். லூர்தெஸ் அழுதார். தன் பங்குக்குச் சிறிதரனும் கொஞ்சம் அழுதார். அழுத களைக்கு லூர்தெஸ் இன்னும் இரண்டு கேக்கைத் தட்டில் போட்டார்.

அடுத்தது அவருடைய பிரம்மாஸ்திரம். "அன்ஃபோர்ச்சுனேட்லி..." என்றார். அந்த ஒரு சொல்லில் எத்தனை பேரின் கூரையும் காரும் போயிருக்கின்றன! லூர்தெஸ் அந்தச் சொல்லை ரசித்துக் கேட்டுவிட்டு இன்னும் கோப்பி ஊற்றினார்.

கறுப்புச் சட்டையைக் காட்டி, "நோ பிளாக்," என்றார். வீடு இருட்டாக இருக்கிறது என்கிறார் என்று நினைத்து லூர்தெஸ் ஜன்னலைத் திறந்துவிட்டார். குளிர் காற்று சுள்ளென்று அடித்தது. நெருப்பைக் கையால் நடித்துக் காட்டினார். அடுப்பு எரிந்தது. கடைசியில் சிறிதரன் வெறுத்துப்போய் மேசையைத் துடைத்து, சபையையே கட்டத் தொடங்கினார். நடுவில் தட்டு, அதுதான் நெருப்பு. உப்புப் போத்தல், பத்தர். ஒரு பெரிய கேக்கை எடுத்து வைத்து, "நூனோ," என்றார். சின்னக் கேக்குகளைச் சுற்றிவர அடுக்கி, "ஃபேமிலி," என்றார். மிளகுத் தூள் போத்தலுக்கு மூடி கறுப்பு. அதை நூனோவுக்குப் பக்கத்தில் வைத்து, லூர்தெஸைக் காட்டினார்.

லூர்தெஸ் கைகொட்டிச் சிரித்தார். மெத்தச் சரி, விளங்கிவிட்டது!

சிறிதரன் தலையை ஆட்டிவிட்டு, மிளகுப் போத்தலை எடுத்து, மேசையின் கடைசி மூலைக்குக் கொண்டுபோய், பாண் கூடைக்குப் பின்னால் வைத்தார்.

லூர்தெஸ் சிரித்துக்கொண்டே அதை எடுத்து நூனோவுக்குப் பக்கத்தில் திரும்ப வைத்தார். சிறிதரன் மறுபடி கூடைக்குப் பின்னால் வைத்தார். லூர்தெஸ் மறுபடி முன்னால் கொண்டுவந்தார், இந்த முறை கொஞ்சம் அழுத்தி. தாயம் விளையாடுகிற மாதிரி இரண்டு பேரும் போத்தலை அங்கும் இங்கும் நகர்த்தினார்கள். சிறிதரன் மூன்றாம் முறை அதைப் பின்னால் கொண்டுபோய் வைத்தபோது லூர்தெஸ் கையை நீட்டவில்லை. போத்தலின் கறுப்பு மூடியைப் பார்த்தார். பிறகு தன் சட்டைக் கையைப் பார்த்தார். பிறகு மேசையில் கிடந்த கணவரின் படத்தைப் பார்த்தார்.

ஏதோ ஒன்றை மெதுவாகக் கேட்டார். என்ன சொல் என்று சிறிதரனுக்குத் தெரியாது, என்ன கேள்வி என்று நன்றாகத் தெரிந்தது. லூர்தெஸின் ஊர்க் கலியாணங்களிலும் கறுப்பு உடுத்த பெண்கள் எங்கே நின்றார்களோ, ஆர் கண்டது? சிறிதரன் தலையைக் குனிந்தபடி, ஓம் என்று ஆட்டினார்.

லூர்தெஸ் மிளகுப் போத்தலை எடுத்து, அலுமாரிக்குள் வைத்து, கதவைச் சாத்தினார். அதன் பிறகும் கேக்குகளை வெள்ளித்தாளில் சுற்றி, கல்யாணிக்கு என்று சைகை காட்டிக் கொடுத்து, வாசல் வரைக்கும் வந்து வழியனுப்பினார். அந்த மரியாதைதான் சிறிதரனைக் கொன்றது. முகத்தில் கதவை அறைந்திருந்தால்கூட ரயிலில் நிம்மதியாக உட்கார்ந்து வந்திருப்பார்.

வீட்டில் சிவனேஸ்வரி காத்திருந்தார். "சொன்னீங்களோ?"

"சொன்னன்."

"விளங்கிச்சோ?"

"நல்லா விளங்கிச்சு."

"பாத்தீங்களே! உதுக்குத்தான் இங்கிலீஷ் வேணும் எண்டுறது," என்று சிவனேஸ்வரி தங்கையிடம் பெருமைப்பட்டார். சிறிதரன் அன்றைக்கு மத்தியானம் சாப்பிடவில்லை. கேக் தின்ற வயிறு என்று சொல்லிச் சமாளித்தார்.

பொன்னுருக்கு அன்று பீட்டர்ஷாம் வீடு ஒரே அமளி. நூனோ வேட்டி கட்டி, அதன் மேல் தன் வேலைக்குப் போகிற பெல்ட்டையும் இறுக்கிக்கொண்டு நின்றான். மயூரா வரக் கூடாது என்ற சட்டத்தால், என்ன நடக்குது, என்ன நடக்குது என்று தாய்க்கு ஓயாமல் போன் அடித்துக்கொண்டிருந்தாள். ஹரிஸ் பார்க்கில் நகைக்கடை வைத்திருக்கும் பத்தர் கேதீஸ்வரன் கரியும் ஊதுகுழலும் இல்லாமல் காஸ் விளக்கோடு வந்திருந்தார். போன முறை ஒரு வீட்டில் கரி மூட்டித் தீயணைப்புப் படை வந்த அனுபவம் அவருக்கு.

லூர்தெஸ் அதே கறுப்பில்தான் நின்றார். வந்த எல்லோருக்கும் இரண்டு கன்னத்திலும் முத்தம். சிவனேஸ்வரிக்கும் விழுந்தது. சிவனேஸ்வரி, "ஐயோ, என்ன இது!" என்று கன்னத்தைத் துடைப்பதா விடுவதா என்று தெரியாமல் நின்றார். சிறிதரனுக்கும் முத்தம் கிடைத்தது; அவரால்தான் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

கேதீஸ்வரன் விளக்கைப் பற்ற வைத்தார். லூர்தெஸ் தானாகவே திரும்பிக் குசினிக்குள் போனார். பின்னாலேயே, வழக்கம்போல, சிவனேஸ்வரியும் போனார். கதவு முக்கால்வாசி சாத்திக்கொண்டது.

நூனோ சுற்றிமுற்றிப் பார்த்தான். "வேர் இஸ் மம்?" என்று சிறிதரனிடம் கேட்டான்.

"பிசி இன் த கிச்சின்," என்றார் சிறிதரன். எத்தனையோ ஆயிரம் பேருக்கு இல்லை என்று சொன்ன நாக்கு, இந்தச் சின்னப் பொய்யைச் சொல்லும்போது ஒட்டிக்கொண்டது. பொடியன் நம்பிவிட்டான். அது இன்னும் மோசமாக இருந்தது.

பொற்காசு இளகி, சுருண்டு, ஒரு செந்நிறத் துளியாக நின்றது. "இனித் தட்டத்தில வைச்சுக் கொண்டு போகலாம். ஆர் கொண்டு போறது?" என்று கேட்டார் கேதீஸ்வரன். கல்யாணி கணவரைப் பார்த்தார். சிறிதரன் எழுந்து விறுவிறென்று குசினிக்குப் போனார்.

கதவைத் தள்ளப் போனவர், வெடிப்பால் உள்ளே நடப்பதைக் கண்டார். இரண்டு பெண்களும் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து, பொன் மேலேயே கண்ணாக எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். "இப்ப உருகியிட்டுது. உதை இனி ஆற வைச்சு, தேசிக்காயோட தட்டத்தில வைப்பினம்," என்று சிவனேஸ்வரி தமிழில் விளக்கிக்கொண்டிருந்தார். லூர்தெஸ் போர்த்துக்கீஸில் கேள்வி கேட்டார். சிவனேஸ்வரி தமிழில் பதில் சொன்னார். இரண்டு பேருக்கும் இங்கிலீஷ் ஒரு சொல் தேவைப்படவில்லை. அவர் கதவைத் திறந்ததும், களவு பிடிபட்டவர்களைப்போல இருவரும் நிமிர்ந்தார்கள்.

இத்தனை வருசமும் தான் கதவுக்கு மற்றப் பக்கத்தில்தான் நின்றது சிறிதரனுக்கு அப்போதுதான் உறைத்தது. ஒவ்வொரு சடங்கிலும் இந்த மனுசி இப்படி வெடிப்புக்குள் கண்ணை வைத்துக்கொண்டுதான் நின்றிருக்கிறார். ஒரு நாளாவது வாங்கோ மச்சாள் என்று தான் கூப்பிட்டதுண்டா? வெட்கமாக இருந்தது.

"மேடம், ஐ மேட் எ..." என்று தொடங்கினார். அதற்கு மேல் வரவில்லை. இங்கிலீஷை விட்டுவிட்டு, இரண்டு கையையும் நீட்டி, "வாங்கோ அக்கா," என்றார் லூர்தெஸிடம். "முன்னுக்கு வாங்கோ. உங்கட பிள்ளை தேடுறான்."

"சிறி!" என்றார் சிவனேஸ்வரி.

"அண்டைக்கு நான் பிழையாச் சொல்லிப்போட்டன் மச்சாள். இப்ப திருத்துறன்."

லூர்தெஸுக்கு விளங்கிவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு கதவடிக்கு வந்தவர், நின்றார். திரும்பிப் பார்த்தார். சிவனேஸ்வரி அடுப்படியில், சேலைத் தலைப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, சுவரோடு சுவராக நின்றார். லூர்தெஸ் போய் அவருடைய மணிக்கட்டைப் பிடித்தார். சும்மா பிடியில்லை, கொங்கிரீட் வேலைக்காரன் பெண்சாதியின் பிடி. இழுக்கத் தொடங்கினார்.

"ஐயோ, விடுங்கோ! நான் வரக்கூடாது! விடணை!" சிவனேஸ்வரி இழுபட்டுக்கொண்டே வந்தார். "சிறி, என்னை விடச் சொல்லுங்கோவன்! இங்கிலீஷில சொல்லுங்கோவன்!"

"அவவுக்கு இங்கிலீஷ் தெரியாது மச்சாள்," என்றார் சிறிதரன். "நான் என்ன செய்ய?"

சபை வாயைப் பிளந்தது. கல்யாணியின் கையிலிருந்த போனில் மயூரா, "வட்ஸ் ஹப்பெனிங்? அம்மா! வட்ஸ் ஹப்பெனிங்?" என்று கத்தினாள். நூனோ ஓடிவந்து தாயை அணைத்துக்கொண்டான். கேதீஸ்வரன் தட்டத்தைக் கொண்டுவந்து லூர்தெஸின் கையில் வைத்தார். சிவனேஸ்வரி தன் கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு, "கல்யாணி, நீயாவது சொல்லடி," என்றார்.

"தொடுங்கோ அக்கா," என்றார் கல்யாணி. "பிள்ளைக்குப் பெரியம்மா எண்டு உங்களை விட்டா ஆர் இருக்கினம்?"

லூர்தெஸ் தட்டத்தை ஒரு கையில் ஏந்திக்கொண்டு, மற்றக் கையால் சிவனேஸ்வரியின் விரலைப் பிடித்து இழுத்து, பொன்னின் மேல் வைத்தார். சிவனேஸ்வரி விரலை எடுக்கவில்லை. குனிந்து, மூக்கு முட்டுகிற அளவுக்குக் கிட்ட வைத்துப் பார்த்தார். கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது.

"இன்னும் சுடுது," என்றார், லூர்தெஸைப் பார்த்து, தமிழில். "கிட்ட நிண்டு பாத்துக் கனகாலமாப் போச்சுது."

லூர்தெஸ் ஓம் என்று தலையாட்டினார்.